ஓடினால் குளிரும், நின்றால் சுடும்

எங்கள் வீட்டுக்காரரின் பழைய வெள்ளைக் காரை யார் குறை சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. நான் சொல்லலாம். அது வேறு.

போன கோடையில் என் நாத்தனார் சென்னையிலிருந்து வந்தபோது ஏசி படுத்துக்கிடந்தது. மயிலாடுதுறை ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் அவள் முந்தானையால் விசிறி விசிறி ஓய்ந்துபோனாள். இறங்கும்போது, "அண்ணி, இது காரா, இட்லிக் கொப்பரையா?" என்று கேட்டாள். அவள் அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலத்திலேயே ஏசியைச் சரிசெய்து வைத்தோம். இந்தச் சித்திரையில் வருவதாக அவள் போன் செய்தாள். "வரும்போது சால்வை எடுத்துக்கிட்டு வா. எங்க வண்டிக் குளிரு உனக்குத் தாங்காது" என்று வாயை விட்டேன். சொன்ன வாய் மூடவில்லை, வண்டி மறுபடி சுட ஆரம்பித்தது.

"கேஸ் போயிருக்கும்" என்றார் இவர். இவருக்கு எல்லாமே கேஸ்தான். வயிறு உப்பினாலும் கேஸ், வண்டி சுட்டாலும் கேஸ். வயிற்றுக்கு ஓமத்தண்ணீர் போதும். வண்டிக்கு என்ன கொடுப்பது? அவள் வருவதற்கு முதல் நாள், மயிலாடுதுறையில் ஒரு மெக்கானிக்கைப் பார்க்கப் புறப்பட்டோம்.

கடை போர்டைப் படிக்க நான் எழுத்துக் கூட்டவேண்டும். காற்றைப் படிக்க அது வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது முகத்தில் குளுகுளுவென்று அடித்தது. ரயில்வே கேட்டில் நின்றோம், அதே காற்று அடுப்பங்கரைக் காற்றாகிவிட்டது. கேட் திறந்து நாலு வயல் தாண்டியதும் மறுபடி குளிர்.

மெக்கானிக் இவரிடம், "எப்பல்லாம் சூடா வருதுங்க ஐயா?" என்று கேட்டார்.

"எப்பவும்தான்."

டாக்டரிடமும் இவர் இப்படித்தான். முட்டி வலிக்காகப் போய் உட்கார்ந்து, பல்வலியைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்.

"இவரைக் கேக்காதீங்க தம்பி" என்றேன். "ஓடுனா குளிருது, நின்னா சுடுது. இவரு மாதிரியேதான். வேலை இருந்தா தங்கமான மனுஷன், சும்மா உக்காந்தா அனல்."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீட்டரை மாட்டிப் பார்த்தார். "கேஸ் சரியா இருக்கும்மா. வண்டி மூஞ்சியில ஜல்லடை மாதிரி ஒண்ணு இருக்கும். ஏசி சூட்டை வெளிய தள்றது அதுதான். ஓடுறப்ப எதிர்க்காத்து பட்டு ஆறிடும். நின்னுட்டா ஃபேன்தான் காத்தை இழுக்கணும். வழியில ஏதோ அடைச்சிருக்கு."

இவர் சட்டென்று எழுந்தார். "சரி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"நாளைக்கு உங்க தங்கச்சி வருது. இன்னிக்கே பாருங்க தம்பி."

மெக்கானிக் முன்பக்கக் கம்பிக்குள் கையை விட்டு இழுத்தார். வைக்கோல் வந்தது. உளுந்துச் சக்கை வந்தது. பின்னாலேயே, நான் பங்குனியிலிருந்து வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த நீலக் கொசுவலை வந்தது. என் கையால் சிவப்புத் துணி ஒட்டுப் போட்ட மூலை முதலில் எட்டிப் பார்த்தது.

"ரோடு பூரா உளுந்துச் செடியைப் பரப்பி வச்சிருக்கான். போற வர்ற வண்டிதான் மிதிச்சுப் போரடிக்குது. சக்கை உள்ள போயிடக் கூடாதேன்னுதான்…" என்றார் இவர், வானத்தைப் பார்த்து.

"அதுக்கு நாலா மடிச்சா கட்டுவாங்க?"

"ரெண்டாத்தான் மடிச்சேன்."

"போவட்டும். வண்டியைக் கொசு கடிக்கலையே?"

மெக்கானிக் திரும்பி நின்று இருமினார். வலையைக் கழற்றி, ஜல்லடையை ஊதித் தண்ணீர் அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் ஸ்டேஷனில் நாத்தனாரை ஏற்றிக்கொண்டோம். ஊருக்கு வரும் வழியில் அதே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. ரயிலைக் காணோம். நான் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு வியர்வை அரும்பினாலும் என் மானம் போச்சு. அவளோ முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு சால்வை எடுத்துட்டு வரலை. அண்ணனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்களேன்."

"எதுக்குக் கொறைக்கணும்? டிக்கியில கொசுவலை இருக்கு. எடுத்துப் போத்திக்கிறியா?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அண்ணனுக்கு விளங்கிற்று.

"கேட்டு திறந்துட்டான்" என்றார், மூடிக் கிடந்த கேட்டைப் பார்த்துக்கொண்டே.