சனிக்கிழமை ஏரிக்குப் போகாத பெட்டி

"...அதனாலதான் சொல்றேன் ராசு, உசுரு போறதுக்குள்ள ஏரியில விட்டுட்டு வந்துரு. நம்ம கடையில எதுவும் சாகக் கூடாதுப்பா."

சொன்னவர் எங்கள் முதலாளி பொன்னுசாமி அண்ணா. ராமாபுரத்துக்காரர். மைசூரில் மீன், பறவை, ஆமை விற்கும் கடை வைத்திருந்தார். தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அவர் பேச்சில் நான் படித்தது அதிகம். "கண்ணாடிக்குள்ள இருக்கறதும் விருந்தாளிதான், பட்டினி போடாதே" என்பார். தேறாது என்று தெரிந்த உயிரைச் சனிக்கிழமை பூசை முடித்துப் பெட்டியில் போட்டு என் கையில் கொடுப்பார். நாலு வருஷம் புண்ணியம் என்று நினைத்தே நானும் ஏரியில் விட்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அந்த வாரம் சென்னையிலிருந்து எட்டுக் கொம்புத் தவளைகள் வந்திருந்தன. கடல் தாண்டி வந்த சரக்கு. உள்ளங்கை அகலம், அதில் பாதி வாய். நம் ஊர்க் குட்டைகளில் கிடையாது என்பதாலேயே கிராக்கி. மூன்றாம் நாள் தீனி எடுக்கவில்லை. தோல் துணுக்குத் துணுக்காக உரிந்து தண்ணீரில் மிதந்தது. மல்லாந்து விழுந்தால் புரளத் தெம்பில்லை. இரண்டு செத்துப்போயின. மீதி ஆறைத்தான் அண்ணா கொண்டுபோகச் சொன்னார்.

காலேஜ் லேபுக்கு மீன் வாங்க வந்திருந்த விலங்கியல் மேடம் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"எங்கே கொண்டுபோறீங்க?"

"ஏரிக்கு மேடம்."

"பேடா, பேடா!" என்று கன்னடத்தில் வேண்டாமெனத் தடுத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "தவளை தோலாலதான் தண்ணி குடிக்குது, மூச்சும் விடுது. அந்தத் தோல்ல பிடிக்கற ஒரு பூஞ்சையால வெளிநாட்டுல ஓடை ஓடையா தவளை அழியுதுன்னு இப்பத்தான் படிச்சேன். இது அதுதானான்னு மைக்ராஸ்கோப்ல பார்க்காம சொல்ல மாட்டேன். தெரியற வரைக்கும் இதுங்க ஏரிக்குப் போகக் கூடாது. தொட்டித் தண்ணியும் சாக்கடைக்குப் போகக் கூடாது, அதுவும் ஏரிக்குத்தானே போகுது?"

"அப்ப இதுங்களை என்னதான் பண்றதுங்க?" என்றார் அண்ணா.

"என்கிட்ட குடுங்க. இனிமே பிழைக்காது. வலியில்லாம முடிச்சுடறேன்."

அண்ணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, படிச்சவங்க பேசற பேச்சா இது? கொல்லறதுக்குன்னு ஒண்ணையும் நான் குடுத்ததில்லைங்க. ராசு, நீ கிளம்பு."

நான் ஏரிக்குப் போகும் மொபெட்டின் சாவியை மேசைமேல் வைத்தேன்.

"என்னப்பா, துரைக்குக் கால் வலிக்குதோ? போகலைன்னா திங்கக்கிழமை வேலைக்கு வராதே."

எனக்கு இரண்டு பிள்ளைகள். இருந்தாலும் சொல்லிவிட்டேன்: "வேலை போனாலும் சரிண்ணா, இந்தப் பெட்டி ஏரிக்குப் போகாது. நாலு வருசமா எந்தெந்த நோயைக் கொண்டுபோய்க் கலந்தேனோ, எனக்கே தெரியலை. கடையில சாகக் கூடாதுங்கறீங்க. ஏரியில ஊர்த் தவளையெல்லாம் செத்தா நம்ம கண்ணுல படாது, அவ்வளவுதானே?"



இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இரக்கப்பட்டு எதையும் ஏரியில் விடாதீர்கள். நோய்த் தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்திருந்து கொட்டுங்கள். அன்றைக்கே நான் அதை ஆரம்பித்துவிட்டேன்.

 நான் சொன்னதைக் கேட்ட அண்ணா சணலை எடுத்துப் பெட்டியின் மூடியை இறுக்கிக் கட்டினார். "முடியற வரைக்கும் நான் பக்கத்துல இருப்பேனுங்க" என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், பெட்டியை மடியில் வைத்தபடி மேடத்தின் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.