கப்பலிலிருந்து இறங்காத கார்

கார்க் கதவைச் சாவி போட்டுத் திறந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக் காரின் கடிகாரத்துக்கு மணி வைக்கிறார் பொட்டலக்காரர். நேற்றும் வைத்தார், நாளையும் வைப்பார். வண்டியை நிறுத்தினால் போதும், அது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பன்னிரண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ரேடியோ வாயே திறந்ததில்லை. உள்விளக்கு எரிந்ததில்லை. யாராவது கேட்டால், "புது வண்டிதானே, போகப் போகப் பழகிக்கும்" என்பார்.

பீங்கான் கடையில் பொட்டலம் கட்டுவது அவர் வேலை. அவர் கட்டிய கோப்பை வழியில் உடைந்ததாக யாரும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு. அதைவிடப் பெரிது, இன்னொருவர் கட்டியதன் மேல் அவருக்கிருக்கும் மரியாதை. வெளியூரிலிருந்து வரும் பெட்டியில் ஒரு முடிச்சு கோணலாக இருந்தாலும் அவிழ்த்துச் சரிசெய்ய விடமாட்டார். "கட்டினவன் ஒண்ணும் முட்டாள் இல்ல."

இந்த பக்தி காரையும் விடவில்லை. ஞாயிறுதோறும் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி, சின்ன பிரஷ்ஷால் தூசி தட்டுவார். வரிசையாக இருக்கும் ஃபியூஸ்களில் ஒன்று மட்டும், மஞ்சள் பிடியோடு, மற்றவற்றைவிடத் தலை தூக்கிக்கொண்டு நிற்கும். வாங்கிய அன்றே பார்த்துவிட்டார். கம்பெனிக்காரன் தூக்கி வைத்திருக்கிறான் என்றால் சும்மாவா வைத்திருப்பான்? பிரஷ் அதன் மேல் படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டு மூடிவிடுவார்.

அவர் மனைவிக்கு இந்த பக்தியெல்லாம் கிடையாது. இருட்டில் சீட்டுக்கடியில் விழுந்த தோட்டை, இவர் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு தேடிய அன்று பொறுமை போய்விட்டது. "இந்த இருட்டு டப்பாவுல இனிமே நான் ஏற மாட்டேன்." சொன்னபடியே பஸ்ஸில் போய்வர ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டத்தான் மனிதர் காரே வாங்கினார். காலி சீட்டோடு ஓட்டிப் பார்த்தார், மனசு ஒட்டவில்லை. "நான் எடுத்துக்கறேன் மாப்ளே" என்று மனைவியின் அண்ணன் கேட்டபோது தலையாட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொடுப்பதை நல்லபடியாகக் கொடுக்க வேண்டுமே என்று எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். அந்த ஆள் ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தார், பொட்டலக்காரரைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். காரைக் கப்பலில் அனுப்பும்போது பாட்டரி வடிந்துவிடாமல் இருக்க, தொழிற்சாலையில் இந்த ஃபியூஸை உயர்த்தி வைப்பார்களாம். விளக்கும் ரேடியோவும் தூங்கிவிடும், வண்டி நின்றதும் கடிகாரமும் மணியை மறந்துவிடும். ஷோரூமில் சாவி கொடுக்கும் முன் அதை அமுக்கிவிட வேண்டும். மறந்திருக்கிறார்கள்.

பொட்டலக்காரர் அந்த மஞ்சள் பிடியைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்ப வண்டி இன்னும் கப்பல்லதான் போயிட்டிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா சார். நீங்களே இறக்கிடுங்க."

கட்டைவிரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறர் கட்டியதில் அவர் கை வைப்பது அதுதான் முதல் தடவை. டக்கென்று உள்ளே போனது. விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பியதும் ரேடியோ ஏதோ பற்பசை விளம்பரத்தை உரக்கப் பாடியது. அதைக் கேட்டு மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். கதவைத் திறந்தாள், விளக்கு எரிந்தது. சாத்தினாள், அணைந்தது. இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு உள்ளே ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

எலெக்ட்ரீஷியன் கிளம்பிய கையோடு அண்ணன்காரர் வந்து சேர்ந்தார். பொட்டலக்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் பாதி இறக்கியிருந்த கண்ணாடியில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "அட, விளக்கெல்லாம் எரியுதே மாப்ளே! சரி, சாவியைக் கொடுங்க."

பொட்டலக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நேராகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரலை எடுத்துக்கங்க மச்சான்" என்று மரியாதையாகச் சொன்னார். அவர் எடுக்கும்வரை காத்திருந்து, கண்ணாடியை ஏற்றினார்.