கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்கள்

"கொஞ்சம் நகந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, துடைப்பானை ஊன்றிக்கொண்டு நிற்பார் வாளியக்கா. எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி, ஜன்னல் கண்ணாடி வழியாக நல்ல வெயில், தேவாலயம் காலி. ஒரு ஆள் வழிவிட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருப்பார். நகர்ந்த மாதிரி தெரியாதோ என்னவோ, தரையிலுள்ள ஒரு ஜோடிப் பள்ளத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றித் துடைப்பார். ஒரு எட்டு தள்ளி அடுத்த ஜோடி. மறுபடியும், "கொஞ்சம் நகந்துக்கங்க."

முப்பது வருடத் திங்கட்கிழமைகள் இப்படித்தான் போயின.

அறுபதை எட்டுகிற வயது. வெளுத்த தோல், வெயில் பட்டால் சிவந்துவிடும். இரும்பு வாளி இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. கடைக்குப் போனாலும் வாளி, சாவு வீட்டுக்குப் போனாலும் வாளி. பாட்டுப் புத்தகமும் குடையும் அதற்குள்ளேதான். யாராவது கேலி செய்தால் கோபம் வராது. "முன்வரிசை அழுக்கும் கடைசி வரிசை அழுக்கும் எனக்குத்தானே தெரியும். வாளிக்குள்ள வந்துட்டா எல்லாம் ஒரே கலரு" என்பார்.

அந்தப் பள்ளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலயத்தின் பின்பாதி மணற்கல் தளம். அதில் பத்தொன்பது ஜோடிப் பள்ளங்கள், பாதத்தின் அளவில், ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும் ஆழத்தில். இரண்டு ஜோடி சின்னப் பிள்ளைகளுடையவை. அந்தக் காலத்தில் முன்னே இருந்த பெஞ்சுகளில் வெளுத்த சனம் உட்காரும். பின்னே தூணுக்குத் தூண் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் கறுத்த சனம் நிற்கும். ஆராதனை முடிகிற மட்டும் நிற்கும். தகப்பன் நின்ற இடத்தில் மகன் நின்று, மகன் நின்ற இடத்தில் பேரன் நின்று, கல் தேய்ந்துபோயிற்று. அறுபது வருடத்துக்கு முன் ஒருநாள் அவர்கள் அத்தனை பேரும் வெளியேறி, சாலைக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்டு ஒரு ஆலயம் கட்டிக்கொண்டார்கள். ஒரே சாலை, ஒரே ஆண்டவர், ஒரே பாட்டு, ஆலய மணி மட்டும் இரண்டு.

ஞாயிறுதோறும் அந்தக் கயிற்றைக் கட்டியவர் வாளியக்காவின் அப்பா. ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு.

அவர் படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில், பட்டப்பகலில், கட்டிலின் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ நேரமா நிக்கிறாங்க. உக்காரச் சொல்லும்மா" என்றார். வீட்டில் இருந்தது இரண்டு நாற்காலி. மகள் இரண்டையும் கொண்டுவந்து போட்டார். அப்பா நாற்காலியையும் பார்த்தார், கால்மாட்டையும் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் பேசவே இல்லை.

அப்பாவின் வேலை மகளுக்கு வந்தது. முதல் திங்கட்கிழமையே ஒரு சத்தத்தைக் கேட்டார். வெகுநேரம் நின்றவர்கள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொள்ளும் சத்தம். அவர் யாரிடமும் சொல்லவில்லை. விசிறி பழுது பார்க்க வந்த மின்வேலைக்காரர் ஒருமுறை ஏணியிலிருந்து பாதியில் இறங்கி, "பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க போல. நான் அப்புறம் வரேங்க" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். இன்றுவரை வரவில்லை. முப்பது வருடம் துணி படாத அந்தப் பள்ளங்களில் தூசி மட்டும் படிந்ததே கிடையாது.

போன வருடம் இரண்டு போதகர்களும் கைகோத்தார்கள். புதன்தோறும் இரண்டு சபைப் பெண்களும் ஒரே அடுப்பில் சூப்பு காய்ச்சி, வேலையற்றவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் ரொட்டியோடு கொடுத்தார்கள். இனி ஒரே சபை, இந்த ஆலயத்தில்தான் என்று முடிவாயிற்று. வருகிறவர்கள் மனம் புண்படக் கூடாது என்று, பள்ளங்களைச் சிமெண்டு வைத்து மூடக் கமிட்டிச் செயலாளர் சனிக்கிழமைக்குக் கொத்தனாரைச் சொல்லி வைத்தார். நல்லெண்ணம்தான். ஆனால் வாளியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மூடிவிட்டால் அவர்கள் என்றைக்கும் நின்றபடியே இருக்க வேண்டியதுதான். அவர்களை உட்காரச் சொல்லும்படி அப்பா விட்டுப்போன வேலை முடியாமலே போகும்.

அந்தப் புதன்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவியவர் தகரக்கூரைச் சபையின் தையல்காரம்மா. எழுபது தாண்டியவர். பத்து வயது வரை கயிற்றுக்குப் பின்னால் நின்றவர். வாளியக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கயிறு கட்டியவர் மகள் நான் என்றார்.

"தெரியும். மூக்கு அதே மூக்குத்தானே" என்றார் தையல்காரம்மா. கை நிற்கவில்லை.

வாளியக்கா அப்பா சொன்னதைச் சொன்னார், சத்தத்தைச் சொன்னார். தையல்காரம்மா இன்னும் இரண்டு கிழங்கு சீவி முடித்தார்.

"எங்கம்மா இடுப்பு வலியோடதான் செத்தாங்க" என்றார் பிறகு. "மூணாவது தூணுப் பக்கம் அவங்க எடம். உங்க பெஞ்சுல அவங்க உக்கார மாட்டாங்க. ரோஷக்காரி. எங்க சபை நாற்காலிய எடுத்துக்க, தங்கச்சி."

சனிக்கிழமை காலை இரண்டு பெண்களும் சாலையைக் குறுக்கே கடந்து கடந்து பத்தொன்பது நாற்காலிகளைச் சுமந்தார்கள். ஒவ்வொரு ஜோடிப் பள்ளத்துக்கும் பின்னால் ஒன்று. செயலாளர் பதறி வந்தார். செத்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லி வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

வாளியக்கா தலைகுனிந்துதான் பதில் சொன்னார். "நிக்க வைக்கச் சொல்லி மட்டும் எங்கங்கய்யா இருந்துச்சு?"

செயலாளர் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி கடைசித் தூண்வரை நடந்தார். கொத்தனாரைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் கொள்ளவில்லை. பெஞ்சுகளில் இரண்டு நிறமும் நெருக்கியடித்து உட்கார்ந்தது. இடம் கிடைக்காத முப்பது பேர் சுவரோரம் நின்றார்கள், வெளுத்தவர்களே அதிகம். யாரும் தடுக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஆனாலும் அந்தப் பத்தொன்பது நாற்காலிகளில் ஒருவர்கூட உட்காரவில்லை. தையல்காரம்மா மட்டும் மூன்றாவது தூணுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு பாடினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாளியக்கா கதவைத் திறந்தார். கல்லின் கோடு பிடித்து நேராகப் போட்டிருந்த நாற்காலிகள், சாய்ந்து உட்கார்ந்தவர்கள் தள்ளிக்கொண்டது போல ஒவ்வொன்றும் ஒரு சாண் பின்னே போயிருந்தன. சின்ன ஜோடிகளுக்குப் போட்ட இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. அவர் நின்று காதுகொடுத்துக் கேட்டார். சத்தமே இல்லை.

வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தார். முதல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

"காலை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கங்க" என்றார்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குனிந்து, துணியைப் பள்ளத்தின் குறுக்கே ஓட்டினார்.