ஜானவாசக் காரின் ஸ்டியரிங்

வத்சலாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "பாவம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோடு ஒரே பேங்கில் வேலை பார்த்தவள் நான். கல்கத்தா லேக் கார்டன்ஸில் அவள் மாடி, நான் கீழ் வீடு. பாவப்பட்ட பெண் எவளும் கப்பல் மாதிரி ஒரு பழைய பிளைமவுத் காரைக் காளிகாட் சந்துகளில் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போனதில்லை.

அது அவள் அப்பா வெங்கடநாராயணனின் வண்டி. தேயிலைக் கம்பெனி ஆபீசர் அவர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன கார். மூத்தவன் சுந்தரராஜனுக்கும் பெண் வத்சலாவுக்கும் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கல்யாணமான மூன்றாம் வருடமே கணவன் குருபிரசாத் மஞ்சள் காமாலையில் போய்விட, வத்சலா பிறந்த வீட்டுக்கே திரும்பினாள். அவளுக்கு முன்னால் குங்குமச் சிமிழை நீட்டத் தயங்கிய உறவுக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கொண்டுவிடச் சொல்லி அவளிடம் கார் சாவியை நீட்ட ஒருநாளும் தயங்கியதில்லை.

அப்பா காலமான பிறகு, பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று சுந்தரராஜன் கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை எடுத்து ஊற்றினார். உள்ளே இருந்த ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறி உப்பிவிட்டன. முதலில் பம்ப் ஊளையிட்டது, அப்புறம் ஹோஸ் கசிந்தது, கடைசியில் ஸ்டியரிங் கருங்கல் ஆகிவிட்டது. மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு, "பழைய இரும்பு, எடைக்குப் போட்டுடு" என்றார். வத்சலா போடவில்லை. தோள் பலத்தை நம்பி இன்னும் சில வருடம் ஓட்டினாள். தோள் இறுகிப்போய், தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் போனபோதுதான் வண்டி வீட்டு ஷெட்டுக்குள் போனது.

போன வருடம் சுந்தரராஜனின் பிள்ளை வருணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நியூ டவுனில் ஐ.டி. வேலை அவனுக்கு, பெண் ஹர்ஷினியும் இந்த ஊர்த் தமிழ்க் குடும்பம்தான். இனிப்போடு மாடிக்கு ஓடிவந்தவன் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தே, ஜானவாசத்துக்கு நம்ம பிளைமவுத்துதான். நீதான் ஓட்டணும். ஷோத்தி, சத்தியமா, நீ ஓட்டினாதான் ஏறுவேன்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவரும் கார். அதை அவள் ஓட்டுவது! அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அலையாய் அலைந்தோம். காளிகாட் சந்தில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் கார்த்திக் மிஸ்திரி பழைய பம்பைக் கழற்றிப் பார்த்து, அதன் தண்டே தேய்ந்துவிட்டது, வேறு பம்ப் வேண்டும் என்றார். அந்தப் பம்பைச் சணல் பையில் போட்டுச் சுமந்துகொண்டு மல்லிக் பஜார் போனோம். உடைத்த கார்களின் உறுப்புகள் கூறுகட்டிக் கிடக்கும் பஜார் அது. கடைக்குக் கடை ஏதோ ஒரு அம்பாசடர் பம்பைக் காட்டி, இதுவேதான் அது என்று சத்தியம் செய்தார்கள். வத்சலா பைக்குள்ளிருந்து தன் பம்பை எடுத்து அதன்மேல் வைத்து, போல்ட் துளைகள் சேர்கின்றனவா என்று பார்ப்பாள். சேராது. அடுத்த கடை. அப்படி எத்தனையோ நடைக்குப் பிறகு ஒரு கடையின் பரணில் ஜோடி அகப்பட்டது. கை முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். என் புடவை போனது போனதுதான்.

சீல்களை வருண் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தான். முதலில் வந்தது வேறு மாடலுக்கானது, இரண்டாவது சரியாக இருந்தது. அழுத்தம் தாங்கும் ஹோஸை ஹவுராவில், பிரஸ் மெஷின்களுக்கு ஹோஸ் போடும் பட்டறையில் செய்து வாங்கினோம். எல்லாம் பூட்டி, எண்ணெய் ஊற்றி, முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவைத்து, உள்ளே இருக்கும் காற்று போகும்வரை அவள் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு சக்கரம் தரையில் இறங்கியதும், அந்த இறுகிப்போன கையாலேயே திருப்பினாள். திரும்பியது. அழுதுவிட்டாள். நானும்தான்.

ஜானவாசத்தன்று அரக்குப் பட்டு உடுத்தி, தானே வண்டியைத் துடைத்து, தானே ஓட்டிக்கொண்டு கோவில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். நாதஸ்வரக்காரர்கள் தயார். முன்கண்ணாடிக்குக் கீழே சாமந்திச் சரம். அப்போது சுந்தரராஜன், வெள்ளை யூனிஃபார்ம் போட்ட டிரைவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார்.

"வத்சலா, கொஞ்சம் எறங்கிக்கோ."

"ஏன் அண்ணா? நான்தானே ஓட்டறேன்?"

"மனசுல வெச்சுக்காதே. மாப்பிள்ளைக்கு முன்னாடி நீ ஒக்காந்தா நன்னா இருக்குமா? சம்பந்தியாத்துல யாராவது ஏதாவது சொல்லிடுவா. ஒனக்குத் தெரியாததா?"

"இத்தனை நாள் அவ அலைஞ்சப்போ தெரியலையா ஒங்களுக்கு?" என்று நான் கேட்டேவிட்டேன். அவர் காதில் விழாதது மாதிரி நாதஸ்வரத்தைப் பார்த்தார்.

வத்சலா வருணைப் பார்த்தாள். கோட்டும் மாலையுமாக நின்றவன் செல்போனைப் பார்த்தான்.

"அப்பா ஏற்கெனவே டிரைவரை வரச் சொல்லிட்டார் அத்தே. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் இறங்கினாள். ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பி அழுத்திப் பிடிக்காதே, பம்ப் தாங்காது என்று டிரைவரிடம் பெங்காலியில் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். அந்த ஆள் ஒற்றை விரலால் வண்டியை வளைத்துப் பார்த்துவிட்டு, "ஏக்தம் மாக்கோன், தீதி!" என்றான். வெண்ணெயாம். வருண் ஏறிக்கொண்டான். நாங்கள் இருவரும் கூட்டத்தின் கடைசியில் நடந்தோம். மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தபோது அவள் செருப்பு விடும் இடத்தில் நின்றிருந்தாள். அண்ணா ஊற்றிய ஒரு டப்பா பிரேக் ஆயிலுக்கு யாரும் தோஷம் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு அவளைக் கூப்பிடப் போனேன். ஷெட்டில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, நல்ல கையால் ஸ்பானரைப் பிடித்துப் பம்பின் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பம்பைச் சுழற்றும் பெல்ட்டை உருவி, சுருட்டி, கைப்பையில் போட்டுக்கொண்டாள். கை கழுவிவிட்டு என்னோடு முகூர்த்தத்துக்கு வந்து அட்சதை போட்டாள்.

சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மணமக்களை வீட்டிலிருந்து அழைத்துப்போக அதே டிரைவர் வந்தான். வண்டி கிளம்பியது, கேட் வரை நேராக வந்தது, தெருவில் திரும்பவில்லை. வேர்த்து விறுவிறுத்து அவன் இறங்கிவிட்டான். சுந்தரராஜன் பதறிக்கொண்டு வந்தார்.

"நேத்து வெண்ணெயாட்டம் இருந்துதே! என்ன ஆச்சு?"

"பழைய இரும்புதானே அண்ணா" என்றாள் வத்சலா. மணமக்கள் வாடகை டாக்சியில் போனார்கள். டிரைவரும் தெருப் பிள்ளைகளுமாக வண்டியைப் பின்னால் தள்ளி ஷெட்டுக்குள் விட்டார்கள்.

இது நடந்து மாதங்கள் ஆகின்றன. பெல்ட் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. போன வாரம் பொறுக்கமுடியாமல் கேட்டேன்: "அதை எடுத்து மாட்டிடேன்டி. விடியக்காலம் ஏரிப்பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

"மாட்டினா மறுபடியும் சாவி கேட்டு வருவா, பத்மஜா. கல்லாக் கெடந்தாத்தான் அது என் வண்டி."

சொல்லிவிட்டு, தூக்க முடியாத கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாடியேறிப் போனாள்.