ஸ்டெல்லா அக்கா வாசிக்க மறுத்த பெயர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேமராவோடு நின்றிருந்தேன். தாலி கட்டும் நேரம். சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் எடுத்தேன். ஸ்டெல்லா அக்காவின் மகள் பிரின்ஸி. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னாள். முதல் முறையே கேட்டிருந்தது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ளூர் கேபிள் டிவி பார்த்தவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருபது வருடங்களுக்கு மேல் இரவு ஏழு மணிச் செய்தியை வாசித்தவர் அவர். கபடிப் போட்டிகளுக்கும் தேர்த் திருவிழாக்களுக்கும் நேரடி வர்ணனை சொன்னவர். முகையூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போன குடும்பம். அந்த வருடங்கள் முழுக்க நான் அவருடைய கேமராமேன்.

அவர் மைக்கைப் பிடித்ததே ஒரு கபடிப் போட்டியில்தான். வர வேண்டிய அறிவிப்பாளர் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்த அக்கா, "நான் சொல்றேன், குடுங்க" என்று மேடையேறினார். ஆண்கள் சிரித்தார்கள். அவர் ஆட்டக்காரர்களின் அம்மா பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "தோ வர்றான் பாருங்க, முனியம்மா புள்ள! ராணி மவன் காலப் புடிச்சிட்டான்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. அடுத்த நாள் ஆட்டத்துக்கு முனியம்மாவும் ராணியும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்படித்தான் அவரைக் கேபிள் டிவிக்கு அழைத்தார்கள்.

அவரும் ஒருமுறை தப்பு செய்தார். அதை மறைத்து எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது. ஒரு பஸ் விபத்தில் இறந்தவர்கள் என்று போனில் வந்த பட்டியலை அப்படியே வாசித்துவிட்டார். அதில் கெடார் ஏழுமலை என்ற பெயரும் இருந்தது. ஏழுமலை சாகவில்லை, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் காலை விஷயம் தெரிந்ததுமே அக்கா கெடாருக்குக் கிளம்பினார். நானும் போனேன். ராத்திரி முழுக்கத் தரையில் அடித்துக்கொண்டு அழுததில் ஏழுமலை மனைவியின் வளையல்கள் உடைந்து, கையெல்லாம் கீறலாக இருந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் திட்டவில்லை. "செத்துட்டாருன்னு சொன்ன வாயாலியே உயிரோட கீறாருன்னும் சொல்லிடும்மா" என்றார்.

டிவியின் பெயர் கெட்டுவிடும் என்று முதலாளி தடுத்தார். அக்கா கேட்கவில்லை. "நேற்று விசாரிக்காமல் வாசித்தேன். தப்பு என்னுடையது. ஏழுமலை உயிரோடு இருக்கிறார்" என்று செய்தியின் முதல் வரியாகவே சொன்னார்.

சில வருடங்கள் கழித்து ஒரு புயல் வந்தது. மரக்காணம் பக்கத்தில் எங்கள் குப்பத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு படகு திரும்பவில்லை. அதில் என் அண்ணன் தேசிங்கும் இருந்தான். நான் குப்பத்துக்குக் கிளம்பினேன்; வழியெல்லாம் மரம் விழுந்து போக முடியாமல் ஆபீசுக்கே திரும்பிவிட்டேன். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி ஒரு தாளோடு வந்தார். படகு கவிழ்ந்துவிட்டதாம். தாளில் நான்கு பெயர்கள்.

"மத்தவன் போட்றதுக்குள்ள நாம போடணும். ஜல்தி!"

அக்கா கேட்டார்: "யாருங்க பாத்தது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"பாத்தவங்க ஒருத்தரக் காட்டுங்க, வாசிக்கிறேன்."

"வாசிக்கலன்னா நாளைக்கு வராத."

அக்கா தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "செல்வம், வூட்டுக்கு போன் போட்டு அம்மாவ நம்ம டிவி பாக்கச் சொல்லு. வேற யாரு இன்னா சொன்னாலும் நம்ப வேணாம்னு சொல்லு" என்றார். அம்மாவுக்கு ஏற்கெனவே இதய நோய்; அண்ணன் போய்விட்டான் என்று கேட்டால் தாங்க மாட்டாள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. யாரோ ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் அம்மாவோடு ஊரே உட்கார்ந்து பார்த்தது.

"ஒரு படகு இன்னும் கரை திரும்பவில்லை. அதில் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டோம். எந்தக் கரையிலாவது அவர்களைப் பார்த்தவர்கள் எங்களை அழையுங்கள்." அவ்வளவுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. தெற்கே வெகுதூரத்தில் ஒரு கரையில் நான்கு பேரும் ஒதுங்கியிருந்தார்கள். அண்ணனின் குரல் கம்மிப்போயிருந்தது. "அம்மா எப்டி கீது?" என்றுதான் முதலில் கேட்டான். நான் போனை அக்காவிடம் நீட்டினேன்.

முதலாளி சொன்னபடியே அக்காவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அன்று அக்கா என்னோடு காத்திருக்கத்தான் வந்திருந்தார். ஒரு மாதம் போயிற்று. அக்கா எங்கே என்று கேட்டு ஊர் ஊராகப் போன் வந்து, வேறு வழியில்லாமல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

"என் அண்ணன் பேரு இருந்ததாலதான வாசிக்கல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன் அண்ணன் பேரு மூணாவதா இருந்திச்சி. நான் மொதப் பேரப் பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன்டா" என்று சிரித்தார்.

அவரை அறிந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஒன்றை வைத்திருப்பீர்கள். எங்கள் அம்மா அந்தப் புயலுக்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். தேசிங்கு கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்தாள், அவனோடு சண்டை போட்டாள், அவன் மகளுக்குக் காது குத்தினாள். பெற்ற பிள்ளைக்காக ஒரு நாளும் மாரில் அடித்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தாள். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒன்பது வருடம்.