மைக்கை அணைக்காத ஸ்டெல்லா அக்கா

மன்னிக்கணும். இங்கே எதுவும் எழுதிப் பழக்கமில்லாதவள் நான். மற்றவர்கள் எழுதியதற்கு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஸ்டெல்லா அக்கா நேற்று இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று ஆவூரில் அடக்கம். ஒரு பிடி மண் போட்டுவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் அக்கா பில் போடுவார். பக்கத்து நாற்காலியில் டோக்கன் கொடுப்பது நான்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ஆனால் ஒரு பெயரைக் கூப்பிட்டால் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. எனக்கும் சேர்த்து அக்காதான் கூப்பிடுவார்.

சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் பேசாமல் தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி போன். ஒரே நிறப் பழங்களைச் சேர்த்து வெடிக்க வைக்கும் கேம்.

"என்ன புள்ள, சோத்தத் திங்காம பழத்த நசுக்கிக்கிட்டு இருக்க? அந்தச் செவப்ப இங்கிட்டு இழு." அப்படித்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பழம் அலுத்ததும் கார் ரேஸ். அக்கா இடது ஓரமாகவே ஓட்டுவார், வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பார். எப்போதும் கடைசி.

"அக்கா, இது ரேஸு. முந்தணும்."

"அவுங்களுக்கு என்ன அவசரமோ, போகட்டும் விடு."

அப்புறம் தோட்டம் போடும் கேம். "வீட்டுல ஆட்டுக்குத் தழ ஒடிச்சுப்போட ஆளில்ல, இவ போன்ல மாட்டுக்குத் தண்ணி காட்டுறா" என்று என்னைக் கேலி செய்தார். மறுநாள் பார்த்தால் அவரும் கத்தரி நட்டிருந்தார். "கெணறு வத்தாத ஊரு புள்ள இது!"

கடைசியாகத் துப்பாக்கி கேம். நாலு பேர் ஒரு டீம். நாங்கள் இருவர், மற்ற இருவர் எந்த ஊர் என்றே தெரியாத பையன்கள். வேலை முடிந்ததும் அவரவர் வீட்டிலிருந்து ஆடுவோம்.

நான் மைக்கை ஆன் செய்ததே இல்லை. பெண் குரல் கேட்டால் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

அக்கா அணைத்ததே இல்லை.

"ஆன்ட்டி, சமையல் முடிஞ்சுதா?" என்று ஒரு பையன் சிரித்தான்.

"முடிஞ்சிருச்சுப்பா. நீ சாப்புட்டியா? அப்ப ஒழுங்காச் சுடு."

அதற்குப் பிறகு அவன் எங்கள் டீமைவிட்டுப் போகவில்லை. "அக்கா" என்றுதான் கூப்பிட்டான்.

ஒருவர் அடிபட்டு விழுந்தால், எதிரி நகரும்வரை ஒளிந்திருந்துதான் போய்த் தூக்க வேண்டும். அக்காவுக்கு அது கடைசிவரை வரவில்லை. நான் விழுந்த உடனே வெட்டவெளியில் ஓடி வந்து, சுடப்பட்டு, என் பக்கத்திலேயே விழுவார்.

மறுநாள் ஆபீஸில் கேட்பேன். "ஏங்க்கா வந்தீங்க?"

"ஒன்ன அங்க போட்டுட்டு நான் மட்டும் ஜெயிச்சு என்ன பண்ண?"

பஸ்ஸில் ஏறியதும் கேமைத் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருந்தால் எரியும் அந்தப் பச்சைப் புள்ளி இல்லை...

போயிட்டு வாங்க அக்கா.

இன்னும் ஒன்று. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் கடைசியில் வைத்தேன்.

அக்காவின் போட்டோக்கள் என்னிடம் இருக்கின்றன. குரல் இல்லை. வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் மட்டும்தான் அனுப்புவார்.

எங்களோடு ஆடிய பையன்கள் ஸ்கிரீனை ரெக்கார்ட் செய்வதுண்டு. அவர்கள் கண்ணில் படும்வரை இதைப் பகிருங்கள். 'ஆவூர் ஸ்டெல்லா' என்ற பெயர் தெரியும் வீடியோ எதுவானாலும் எனக்கு வேண்டும். தோற்ற ஆட்டமாக இருந்தாலும் சரி.

"கவி, எந்திரி, இந்தா வந்துட்டேன்" என்று அக்கா சொல்லிக்கொண்டே வருவார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். தனியாகப் பேசுகிறார் என்று நினைத்து அந்த இடத்தை வெட்டிவிடாதீர்கள்.

என்னிடம்தான் பேசுகிறார்.