கை காட்டும் வேலை

எங்கள் அப்பா கொஞ்ச காலம் ஒரு விசித்திரமான வேலை பார்த்தார். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. காலை ஏழு மணிக்குப் பாரிவாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்று கை காட்ட வேண்டும். பஸ் நின்றதும் ஏறாமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில், பஸ்களுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. நாற்று நட்ட வயலெல்லாம் பிளாட் ஆனபிறகு கற்றுக்கொண்ட வேலை. மூட்டை தூக்கி அப்பாவின் முதுகு போய்விட்டது. நான் கல்லூரியில் கடைசி வருடம். வீடு அம்மாவை நம்பித்தான் ஓடியது. கம்பெனி கேட்டை எட்டு மணிக்குச் சாத்துவார்கள். மாதத்தில் மூன்று நாள் தாமதம்வரை பொறுப்பார்கள்; நான்காம் நாளும் தாமதமானால் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அறிவித்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். ஆனால் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால், காலை வண்டி டிரைவர் ஒருவர் எங்களைப் பார்க்காதவர்போல் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நல்ல திட்டம்தான். பிரேக்கை யார் மிதிப்பது என்றுதான் எழுத மறந்துவிட்டார்கள்.

"ஒரு ஆம்பளைய முன்னாடி நிறுத்துங்கடி, தானா நிக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அப்படித்தான் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் காலி டிபன் பை. பஸ் நிற்கும், அம்மாவும் மற்ற பெண்களும் ஏறுவார்கள். அப்பா செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். நடிப்பில் அவருக்கு இருந்த ஆர்வத்தைச் சொல்லி மாளாது.

எத்தனை நாள் ஏமாற்ற முடியும்? ஒருநாள் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, தெனம் கை காட்ற, ஏறவே மாட்டேன்ற?"

"நான் ஏறலன்னா இன்னா, ஏறுறவங்க கீறாங்களே" என்றார் அப்பா.

மறுநாளிலிருந்து அப்பாவைப் பார்த்தாலும் டிரைவர் நிறுத்தவில்லை. அந்த வாரமே அம்மாவுக்கு மூன்று நாள் தாமதம். நான்காம் நாள் காலை, அப்பா கை காட்டக் காட்ட பஸ் வேகம் குறையாமல் வந்தது. அம்மா சாப்பாட்டுப் பையோடு நடு ரோட்டில் போய் நின்றாள். கல்லூரி பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்த எனக்கு உயிரே போய்விட்டது. கிறீச்சென்று பிரேக் அடித்தது.

"ஓசில போறதுக்கு உயிர உடுவியா?" என்று டிரைவர் கத்தினார்.

அம்மா சத்தமே போடவில்லை. "உன் வண்டி லைட்டு எரியுதுல்ல அண்ணாத்தே, அந்த மாரி ஒயரு கட்றவ நான். நான் வேலைக்கிப் போனாத்தான் வண்டி ரோட்டுக்கு வரும். கதவத் தொற."

பஸ்ஸுக்குள் ஒருவர் சிரித்தார். கண்டக்டர், "தொறந்து உடு மாமே, டைம் ஆவுது" என்றார். கதவு திறந்தது. என் அம்மா என்று அங்கே இருந்த எல்லோரிடமும் சொல்லவேண்டும்போல் இருந்தது எனக்கு. அப்படி ஒரு கர்வம்.

அப்பா காலி டிபன் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முதல்முறையாக அந்த பஸ்ஸில் ஏறினார். எஸ்டேட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்தார். "கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. உங்கம்மா எட்டுக்கு முன்னாடியே உள்ள போய்ட்டா. வாச்மேன் அவளுக்கு வணக்கம் வெக்கிறான்டி."

அந்த இஸ்திரிச் சட்டையை அவர் இன்னும் கழற்றியிருக்கவில்லை.